கைக்காசு இன்னும் வேண்டுமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ரீலோட், கரண்ட் பில், தண்ணீர்ப் பில், போட்டோக் கொப்பி என்று நடக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் நான் வேலை செய்கிறேன். போன் வழியாகப் பணம் செலுத்துவது பரவியதிலிருந்து, காசு கொண்டுபோக வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே சந்தேகத்தைப் பல பேர் பல விதமாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த பதிலைத் தந்திருக்கிறேன்.

கையில ஒரு சதமும் இல்லாம நம்மட பக்கத்துல ஒரு நாளைச் சமாளிக்க ஏலுமா?

மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை நகரம் ஆகியவற்றின் பிரதான வீதிக் கடைகளுக்குள் மட்டும் நடமாடுவதென்றால் பெரும்பாலும் ஏலும். சுப்பர்மார்க்கட்டுகளிலும் பெரிய புடவைக் கடைகளிலும் கார்ட் எடுப்பார்கள். மருந்தகங்கள், சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் கியூஆர் அட்டை வைத்திருப்பார்கள். ஆனால் அந்த வீதிக்குப் போவதற்கு ஏறும் பஸ்ஸிலும், திரும்பி வரும் ஓட்டோவிலும், சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடமும் காசு இல்லாமல் நிற்பது சிரமம்.

காலையில் வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விடியப்புறம் கரையில் மீன் எடுக்கும்போது காசு கொடுத்தே எடுக்கிறார். நீங்கள் போனில் அனுப்பும் பணம் அவருடைய கணக்கில் பத்திரமாக இருந்தாலும், மறுநாள் கரைக்குப் போவதற்கு முன் அவர் ஏடிஎம் உள்ள ஊருக்குப் போய் அதைக் காசாக்க வேண்டும். மீன் பெட்டியோடு நிற்கும் ஒருவருக்கு அது அரை மணி நேர வியாபார இழப்பு. சிறு வியாபாரிகள் காசு கேட்பதற்கு அறியாமை காரணமில்லை. அவர்கள் பொருள் வாங்கும் இடம் இன்னும் காசில் நடக்கிறது. அந்த இடம் மாறும்வரை நம்முடைய பொக்கெற்றிலும் காசு இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அப்ப வெளிய போகக்குள்ள எவ்வளவு காசு வைச்சிருக்க வேணும்?

நான் சொல்லும் அளவு இது: போன் செத்துப்போனாலும் வீடு திரும்பப் போதுமான பஸ் அல்லது ஓட்டோக் காசு, ஒரு நேரச் சாப்பாடு, அவசரத்துக்கு ஒரு மருந்து. இன்றைய விலைக்கு இது 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு மேல் எடுத்துச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

தொகையைவிட எந்தத் தாளாக இருக்கிறது என்பது முக்கியம். 3,000 ரூபாயும் ஆயிரம் ரூபாய்த் தாள்களாக இருந்தால், காலை முதல் பஸ்ஸில் நடத்துனரிடம் ஒன்றை நீட்டும்போது காசு இருந்தும் இல்லாத நிலைதான். ஆயிரம் ஒன்று, ஐந்நூறு இரண்டு, மிச்சம் நூறு, ஐம்பது, இருபது என்று பிரித்து வையுங்கள். 5, 10 ரூபாய்க் குற்றிகளையும் வீட்டுப் போத்தலில் போட்டு மறந்துவிடாமல் பேர்ஸில் போடுங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளைச் சிறிய கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்; வங்கியில் பணம் எடுக்கும்போதே முகப்பில் சொல்லிச் சிறிய தாள்களாகக் கேட்டு வாங்கலாம், அதற்குத் தயங்கத் தேவையில்லை. அடையாள அட்டையின் உறைக்குள் ஓர் ஆயிரம் ரூபாயைத் தனியாக மடித்து வைப்பதும் நல்ல பழக்கம்: பேர்ஸ் தொலைந்த நாளில் அது வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கியூஆர் எண்டா பெட்ரோலுக்கு எடுத்த அதுதானா?

இல்லை. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாம் காட்டிய கியூஆர், ஒரு வாகனத்துக்கு எத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்ப்பதற்கானது. அதில் பணம் நகரவில்லை, காசைத் தனியாகத்தான் கொடுத்தோம். கடையில் ஒட்டியிருக்கும் லங்கா கியூஆர் வேறு. உங்கள் வங்கியின் செயலியால் அதை ஸ்கேன் செய்து, தொகையை அடித்து உறுதிப்படுத்தினால், உங்கள் கணக்கிலிருந்து கடைக்காரரின் கணக்குக்குப் பணம் போகும். கடைக்காரர் ஒரு வங்கியிலும் நீங்கள் வேறொரு வங்கியிலும் இருக்கலாம். இத்திட்டத்தில் இணைந்த எந்த வங்கியின் செயலியும் அதே அட்டையை வாசிக்கும். உறுதிப்படுத்துவதற்கு முன் திரையில் வரும் கடைப் பெயரை வாசித்துப் பாருங்கள், ஏனெனில் உண்மையான அட்டைக்கு மேல் வேறொருவரின் கியூஆரை ஒட்டி ஏமாற்ற முடியும்.

என்னட்ட இருக்கிற பட்டன் போன். நான் காசுதானா பாவிக்கணும்?

கட்டாயமில்லை. டயலொக்கின் ஈசி காஷ் 2012 முதல் நடக்கிறது. #111# என்று அடித்தால் இன்டர்நெட் இல்லாமலே பட்டன் போனில் வேலை செய்யும், சிக்னல் இருந்தால் போதும். மொபிட்டெலின் எம்காஷும் இப்படிப்பட்ட சேவைதான். எங்கள் கடை போன்ற முகவரிடம் காசைக் கொடுத்துப் போனில் ஏற்றலாம், ஏற்றியதைத் திரும்பக் காசாக எடுக்கவும் செய்யலாம். இரகசிய இலக்கத்தை முகவர் உட்பட எவரிடமும் சொல்ல வேண்டாம். இலக்கத்தை அடிக்கும்போது போனை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

கார்ட் போட்டா கூடக் காசு கேக்கிறாங்க. குடுக்கணுமா?

கொடுக்கத் தேவையில்லை. கார்ட் இயந்திரம் வைத்திருப்பதற்கு வங்கி அறவிடும் கட்டணம் கடைக்காரருக்கு உரியது. அதை வாடிக்கையாளரின் தலையில் வைப்பது அவர் வங்கியோடு செய்த ஒப்பந்தத்துக்கு மாறானது என்று இலங்கை மத்திய வங்கி பல தடவை பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. மேலதிகமாக எடுத்தால் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, உங்களுக்குக் கார்ட் தந்த வங்கிக்கு அறிவியுங்கள். அது சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

அதேவேளை, ஊர்ச் சில்லறைக் கடையில் நூறு ரூபாய்ப் பொருளுக்குக் கார்ட்டை நீட்டி வழக்குப் பேசுவதைவிட, இரண்டாவது பதிலில் சொன்ன சிறிய தாள்களில் ஒன்றைக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

மாரி காலத்தில கரண்ட் போனா இந்தக் கார்ட், கியூஆர் எல்லாம் என்ன ஆகும்?

இதுதான் நமது மாவட்டங்களில் காசு பற்றிய மிகப் பெரிய கேள்வி. கார்ட் இயந்திரத்துக்கும் ஏடிஎம்முக்கும் கியூஆருக்கும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் வேண்டும். மின்சாரம் நின்றால் ஏடிஎம் மின்கலத்தில் சிறிது நேரம் ஓடும். தொலைபேசிக் கோபுரமும் அப்படியே. அந்த நேரம் கடந்தால் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் ஒரு பாண் வாங்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர அறுந்தன.

நமக்கு இன்னொன்றும் உண்டு. வெள்ளம் பாய்ந்தால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி போன்றவை நீரில் மூழ்கி, அக்கரை மக்கள் படகில் போய் வர வேண்டியிருக்கும். அப்படியான ஊரில் ஏடிஎம் வேலை செய்கிறதா என்பதைவிட அதனிடம் போக வழி இருக்கிறதா என்பதே கேள்வி. ஆகவே ஐப்பசி பிறந்தவுடன், குடும்பத்துக்கு நான்கைந்து நாட்களுக்குப் போதுமான செலவுக் காசைச் சிறிய தாள்களாக எடுத்து, இரண்டு பொலித்தீன் உறைக்குள் கட்டி, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள். வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் அந்த ஒரு பையைத் தூக்கினால் போதும்.

அப்படியெண்டா எல்லாக் காசையும் வீட்டிலயே வைச்சா நல்லம்தானே?

வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது, நாவலடியிலிருந்து திருக்கோவில்வரை எத்தனையோ வீடுகளில் அலுமாரியோடு காசும் நகையும் போயின. அவற்றுக்குக் கணக்கும் இல்லை, நட்டஈடும் இல்லை. வங்கியில் இருந்த பணம் புத்தகம் தொலைந்தாலும் உரியவருக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது. மேலும், இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ், உரிமம் பெற்ற ஒரு வங்கி முடங்கிப்போனாலும் வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய்வரை இழப்பீடு உண்டு.

ஆகவே மேலே சொன்ன நான்கைந்து நாள் செலவு வீட்டில், மிச்சம் கணக்கில். இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்: பேர்ஸில் நூறு ரூபாய் இல்லாமல் பஸ் ஏறுகிறார்கள், வீட்டு அலுமாரியில் இலட்சக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

நெல் வித்த காசை முதலாளி கையில தாறன் எண்டாரு. வாங்கலாமா?

வாங்கலாம், அதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பெரும்போக அறுவடை நேரத்தில், வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) லொறி நிற்க, மூட்டை நிறுத்துக்கொண்டிருக்கும் அவசரத்தில், பல இலட்சம் ரூபாயை எண்ணி வாங்கி, மோட்டார் சைக்கிளின் சீற்றுக்கடியில் வைத்துக்கொண்டு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து தனியாக வருவது எனக்குப் பயமான விடயம். எண்ணிக்கை பிழைத்தால் அங்கே சரிபார்க்க ஆளில்லை. ஒரு கட்டுக்குள் கள்ளத்தாள் இரண்டு இருந்தாலும் வீட்டுக்கு வந்த பிறகே தெரியும்.

முதலாளியிடம் கணக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் சேவை, வங்கிகளை இணைக்கும் லங்கா பே ஊடாக இரவும் பகலும், விடுமுறை நாட்களிலும் நடக்கிறது. ஒரு தடவைக்கு 50 இலட்சம் ரூபாய்வரை அனுப்பலாம், கட்டணம் மிகச் சொற்பம். உங்கள் போனுக்கு வங்கியின் குறுஞ்செய்தி வந்த பிறகு லொறியைப் போகவிடுங்கள். வெட்டு மெசினுக்கும் கூலிக்கும் தேவையான தொகையை மட்டும் காசாகக் கேட்டு வாங்குங்கள்.

கூலிக்கு வாற ஆக்களுக்கும் கணக்குக்குப் போடலாமா?

அவர்கள் கேட்டால் போடுங்கள், கேட்காவிட்டால் பின்னேரம் கையிலேயே காசைக் கொடுங்கள். நாட்கூலிக்கு வருபவர் வீடு போகும் வழியில் அரிசியும் தேங்காயும் வாங்குவது அந்தக் காசில்தான். முதல் பதிலில் மீன் வியாபாரிக்குச் சொன்னது இவருக்கும் பொருந்தும். ஆளுக்கு ஆள் சரியாகக் கொடுக்கக்கூடிய தாள்களை முதல் நாளே எடுத்து வைப்பது கொடுப்பவரின் கடமை. நாலு பேருக்குச் சேர்த்து ஒரு கட்டுக் காசைக் கொடுத்து “மாத்திப் பிரிச்சு எடுங்க” என்று சொல்வது சரியல்ல.

கிழமைக் கடன் எடுக்க வாறவங்களுக்குக் காசாத்தான் குடுக்கிற. பிறகு கட்டல்ல எண்டு சொன்னா?

நுண்கடன் எடுத்த பெண்கள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். காசுக்கு உள்ள பெரிய குறை இது: கைமாறிய பின் அது தன் வழியைச் சொல்லாது. ஆகவே புத்தகத்தில் தொகையும் திகதியும் எழுதி ஒப்பம் வைக்காமல், அல்லது நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டு தராமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். “புத்தகம் ஒபிஸில, பிறகு எழுதித் தாறன்” என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். அன்றைக்கு நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதில் நேரடியாக வைப்புச் செய்து, வைப்புச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வசூலிக்க வருபவரின் சொந்தக் கணக்குக்கு ஒருபோதும் போட வேண்டாம். சங்கத்தில் பிடிக்கும் சீட்டுக்கும் இதே ஒழுங்கு வேண்டும், பிடிப்பவர் சொந்தக்காரராக இருந்தாலும்.

உகந்தையில இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகக்குள்ள காசு தேவையா?

உகந்தை முருகன் கோயிலைத் தாண்டிக் குமண, யால காட்டுக்குள் இறங்கிய பின் கடையும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை, பெரும்பாலான இடங்களில் சிக்னலும் இல்லை. காட்டுக்குள் வேண்டிய சாமான்கள் அனைத்தையும் பொத்துவில், பாணமை தாண்டுவதற்கு முன்பே வாங்கிக் கட்டிவிட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கு வழியாகச் செய்யலாம். ஆனால் கதிர்காமத்தில் இறங்கியதும் சாப்பாடு, அருச்சனை, திரும்பி வரும் பஸ் எல்லாவற்றுக்கும் காசு தேவைப்படும், பல நாள் நடந்த பிறகு போனில் சார்ஜ் இருக்கும் என்று நம்ப முடியாது. திரும்பும் செலவுக்கான காசை ஆற்று நீரும் வியர்வையும் படாதபடி உறையில் கட்டி, குழுவில் இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வையுங்கள்.

நான் கடை வைச்சிருக்கன். காசு அனுப்பின சிலிப்பைப் போன்ல காட்டிட்டுப் போறாங்க, ஆனா கணக்குக்கு வரல்ல. என்ன செய்யிற?

போனில் காட்டும் சிலிப் ஒரு படம் மட்டுமே. பழைய சிலிப்பின் திகதியையும் தொகையையும் மாற்றிப் புதிதாக்க இன்று எவராலும் முடியும். உங்கள் சொந்தப் போனுக்கு வங்கியின் செய்தி வராமல், அல்லது உங்கள் செயலியில் மீதி கூடியதை நீங்களே பார்க்காமல், சாமானைக் கையளிக்க வேண்டாம். செய்தி தாமதமாகும் நேரங்களும் உண்டு. தெரிந்த வாடிக்கையாளர் என்றால் கொப்பியில் எழுதிக்கொண்டு விடுங்கள், தெரியாதவர் என்றால் காசு கேளுங்கள். அதில் முகம் சுளிக்க எதுவும் இல்லை.

பின்னேர நெரிசலில் செய்தியைப் பார்க்க நேரமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் கல்லாப்பெட்டிக்கு அருகில் அந்தச் செய்திகள் மட்டும் வரும் ஒரு பழைய போனை வைத்துவிடுங்கள். அதன் செலவு ஒரு பொய்ச் சிலிப்பின் இழப்பைவிடக் குறைவு.

கிழிஞ்ச தாள், எழுதின தாள், கள்ளத்தாள் — மூண்டுக்கும் வித்தியாசம் என்ன?

பாவனையில் பழுதடைந்து கிழிந்த தாளை வங்கியில் கொடுத்து மாற்றலாம். வேண்டுமென்றே எழுதி, வெட்டி, உருமாற்றிய தாள்களுக்குப் பெறுமதி வழங்குவதை மத்திய வங்கி 2018 இலிருந்து நிறுத்திவிட்டது. ஆகவே தாளில் இலக்கம் எழுதும் பழக்கத்தைக் கடைக்காரர்கள் கைவிட வேண்டும். யாரேனும் எழுதிய தாளைத் தந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

கள்ளத்தாளுக்கு மூன்று சோதனை போதும். விரலால் தடவினால் அச்சு மேடாகப் படும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் நீர்க்குறி தெரியும். 500, 1,000, 5,000 ரூபாய்த் தாள்களைச் சாய்த்தால் பாதுகாப்பு நூலின் நிறம் மாறும். சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டால், நட்டம் போகட்டும் என்று அடுத்தவரின் தலையில் கட்ட வேண்டாம். தெரிந்துகொண்டு கள்ளத்தாளை மாற்றுவது தண்டனைக்குரிய குற்றம். வங்கியிலோ பொலிஸிலோ ஒப்படையுங்கள்.

அம்மாவுக்கு ஏடிஎம் தெரியா. அரசாங்கம் தாற அஸ்வெசும உதவிக் காசை எடுக்க என்ட கையில கார்ட்டையும் பின் நம்பரையும் தந்திட்டாங்க. பரவாயில்லையா?

உங்கள் மனம் நல்லதாக இருக்கலாம், ஆனாலும் இந்த ஒழுங்கு நல்லதல்ல. பின் இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்தவர், பின்னர் பணம் குறைந்தால் வங்கியிடம் எதையும் நிரூபிக்க முடியாது. வீட்டுக்குள் சந்தேகம் வந்தாலும் தீர்க்க வழியில்லை. கார்ட்டும் பின் இலக்கமும் அயலவரின் கையில், சில வேளைகளில் கடன் கொடுத்தவரின் கையில் இருக்கும் குடும்பங்களையும் நான் அறிவேன். அங்கே அந்த மூதாட்டிக்கு எவ்வளவு வந்தது என்பதே தெரியாது.

மாதத்தில் ஒரு நாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய், வங்கிப் புத்தகத்தோடு அவரே ஒப்பமிட்டு எடுக்கட்டும். நடக்க முடியாதவர் என்றால், கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றலாமா, எழுத்திலான அதிகாரம் கொடுக்கலாமா என்று கிளை முகாமையாளரிடம் கேளுங்கள். எடுத்த காசை அவர் கையில் எண்ணிக் கொடுங்கள். வயதானவர்களுக்குத் தாளைத் தொட்டு எண்ணுவதில்தான் தன் பணம் தன்னிடம் இருக்கிறது என்ற நிச்சயம் கிடைக்கிறது. போன் வசதியானது என்பதற்காக அதை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம்.

காணி வாங்குறன். விக்கிறவரு முழுக்கக் காசாத்தான் வேணும் எண்டு நிக்கிறாரு. பத்து இலட்சத்துக்கு மேல எண்டா பிடிப்பாங்களாமே?

பிடிப்பதில்லை. 10 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் காசாக வங்கியில் போட்டாலோ எடுத்தாலோ, வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும்; 2006 ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி அது வங்கியின் வழக்கமான கடமை. பணம் வந்த வழி நேர்மையானதென்றால் உங்களுக்கு அதனால் கேடில்லை. அறிவிப்புக்குப் பயந்து தொகையைத் துண்டு துண்டாக எடுப்பதுதான் சந்தேகத்தை உண்டாக்கும்.

என் கவலை வேறு. காணி உறுதியில் நொத்தாரிசு, பணம் தன் முன்னிலையில் கைமாறியதா என்பதையும் குறிப்பிட வேண்டும். காசை முன்கூட்டியே வீட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால், பின்னர் வழக்கு வந்தால் உங்களிடம் மிஞ்சுவது வாய்ச்சொல் மட்டும். வங்கிக் காசோலை மூலமோ கணக்குக்குக் கணக்காகவோ கொடுத்து, அதன் இலக்கத்தை உறுதியில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஏன் என்று தெரியும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம்.

இன்னும் கொஞ்ச வருசத்தில காசே இல்லாமப் போயிடுமாமே?

அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. அரச கட்டணங்களை இணையத்தில் செலுத்துவதற்கான கவ்பே 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய வங்கி தனது 75 ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2,000 ரூபாய் ஞாபகார்த்தத் தாளையும் வெளியிட்டது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை. தாளும் குற்றியும் இன்னும் சட்டப்படியான பணமே. கரண்ட் பில்லையும் தண்ணீர்ப் பில்லையும் போனில் கட்டக்கூடியவர்கள் கட்டுங்கள். கட்டத் தெரியாதவர்கள் காசோடு எங்கள் கடைக்கு வாருங்கள், பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்கிச் செல்லுங்கள்.